தீவுச் சாலை கேட்கும் உயரம்

அந்தமானில் தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு இரண்டு அளவுகளில் வந்து நிற்கும்: டயர் எத்தனை இன்ச், லிஃப்ட் எத்தனை இன்ச். போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் வசிக்கும் என் நண்பரும் அதே யோசனையில் இருந்தார். திக்லிப்பூர் வரை போய்வரலாம் என்று முடிவானதும், கிளம்பும் முன் தாருக்கு இரண்டு இன்ச் லிஃப்ட் கிட் போட்டு, 285 டயர் மாட்டிவிட வேண்டும் என்றார்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். மெக்கானிக் பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டு தொங்கும் டிஃபரென்ஷியலின் அடியில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். “அண்ணே, லிஃப்ட் போட்டா பாடியும் சேஸிஸும் மேல போகும். இது போகாது. இதைத் தூக்கறது டயர் மட்டும்தான். முதல்ல ரோட்டைப் பாத்துட்டு வாங்க, அப்புறம் வண்டியைத் தூக்கலாம்” என்றார்.

அவர் சொன்னதில் கணக்கு சுத்தமாக இருக்கிறது. வண்டியில் இருக்கும் 245/75 R16 டயரின் அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் அதில் 75 சதவீதம், ரிம் 16 இன்ச். மொத்த உயரம் 774 மி.மீ. வரும். 285/75 R16 என்றால் 834 மி.மீ. அறுபது மி.மீ. கூடினாலும் ஆக்ஸில் உயர்வது அதில் பாதி, 30 மி.மீ. மட்டும்தான். இரண்டு இன்ச் லிஃப்ட் பின் டிஃபரென்ஷியலுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தராது. அகலமான டயர் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் தருவதும், மேடு ஏறும்போது பம்பரும் வயிற்றுப் பகுதியும் தட்டாமல் காப்பதும்தான் லிஃப்டின் வேலை. 2020இல் வந்த புதிய தாருக்குக் கம்பெனியே 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் கொடுத்திருக்கிறது, 650 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்றும் சொல்கிறது. இதற்கு மேல் இந்தத் தீவின் சாலைகள் கேட்கின்றனவா என்று பார்க்க, எதையும் மாற்றாமலே கிளம்பினோம்.

டிசம்பர் தொடக்கம், மழை இன்னும் விடவில்லை. விடியுமுன் புறப்பட்டு, ஃபெரார்கஞ்ச் தாண்டி ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வரிசையில் நின்றோம். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு. வண்டிகள் காவலோடு கான்வாயாகத்தான் போக வேண்டும். நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. பெரிய டயரின் விளைவு இங்கேதான் எனக்கு உறைத்தது. ஸ்பீடோமீட்டர் சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணுகிறது. 774க்குப் பதில் 834 மி.மீ. டயர் போட்டால், முள் 40 காட்டும்போது வண்டி 43இல் ஓடும். காட்டுக்கு உரியவர்கள் சாலையோரம் நடக்கும் இடத்தில் வேகத்தை மூன்று கிலோமீட்டர் குறைத்துக் காட்டும் மீட்டர் எனக்கு வேண்டாம்.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டிகளை ஃபெர்ரியில் ஏற்றிப் பாராடாங்குக்குக் கடத்துகிறார்கள். சரிவுப் பலகையில் முன் பம்பர் தட்டுமோ என்று நண்பர் எட்டிப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் நீளமான அரசுப் பேருந்து ஒன்று நிதானமாக ஏறிப் போய் நின்றது. பேருந்தும் லாரியும் தினமும் ஏறும் பலகையில் தார் ஏறுவதற்குத் தனி உயரம் தேவையில்லை. பாராடாங்கைக் கடந்ததும் ஹம்ஃப்ரி நீரிணைக்குப் புதுப் பாலம் இருக்கிறது. அதனால் அங்கே ஃபெர்ரி தேவைப்படவில்லை.

ரங்கத்தை நெருங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. சாலையை அகலப்படுத்தத் தோண்டிய பகுதிகளில் செம்மண் குழம்பாகிக் கிடந்தது. ஒரு ஏற்றத்தில் பின்பக்கம் வழுக்கியது. இறங்கிப் பார்த்தேன். அடியில் எதுவும் தட்டவில்லை. டயரின் பட்டன் தேய்ந்து, இடுக்கெல்லாம் மண் அப்பி, சக்கரம் வழவழவென்று இருந்தது. ஃபோர் வீல் லோவில் போட்டு, காற்றைக் கொஞ்சம் இறக்கியதும் வண்டி பிடித்து ஏறியது. வண்டிக்கு அங்கே குறைந்தது பிடிமானம்தான்.

மட் டெரெய்ன் டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நனைந்த தார்ச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது அகன்ற இடைவெளி கொண்ட அதன் கட்டைகள் தரையைத் தொடும் பரப்பு குறைவு, இரைச்சலும் அதிகம். மாயாபந்தர் வரையான வளைவுகளில் பெரும்பகுதி நனைந்த தார்ச் சாலைதான். இந்தச் சாலைக்கு ஏற்றது ஆல் டெரெய்ன். லிஃப்ட் போட்ட வண்டியின் எடைமையம் மேலே போவதால் இதே வளைவுகளில் கூடுதலாகச் சாயும். முன் டிரைவ் ஷாஃப்டுகள் கூடுதல் கோணத்தில் சரிந்து அவற்றின் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். கனமான டயரை நிறுத்த பிரேக் கூடுதலாக உழைக்கும். மைலேஜும் இழுவையும் குறையும். ஏதாவது உடைந்தால் பாகம் பெரும்பாலும் சென்னையிலிருந்து வர வேண்டும். கப்பலுக்கே மூன்று நாள்போல ஆகும். கம்பெனிப் பாகம் என்றால் இங்கேயே கிடைக்க வாய்ப்புண்டு. லிஃப்ட் கிட்டின் பாகத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

திக்லிப்பூர் அருகே காலிப்பூர் கடற்கரைக்குப் போனோம். நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிட வரும் மணல் அது. வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கிறது. பெரிய டயரில் காற்றை இறக்கினால் மணலில் சுலபமாக ஓடலாம் என்பார்கள். ஓடலாம்தான். ஆனால் டயர் பதித்த பள்ளத்தில் விழுந்த ஆமைக்குஞ்சு ஏற முடியாமல் அதற்குள்ளேயே ஊர்ந்து, கடலைச் சேருமுன் நண்டுக்கும் பறவைக்கும் இரையாகும். மணலுக்குள் புதைந்த முட்டைகளும் சக்கரத்தின் எடையில் நசுங்கும். சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே போனோம். இந்தத் தீவுகளில் சாலையை விட்டு இறங்கினால் வருவது பெரும்பாலும் காப்புக்காடு, சதுப்புநிலக்காடு அல்லது ஆமை மணல். அங்கே போவதற்காக வண்டியைத் தயார்ப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊர் திரும்பியதும் நண்பர் லிஃப்ட் கிட் யோசனையைக் கைவிட்டார். அதே 245/75 R16 அளவில் நான்கு ஆல் டெரெய்ன் டயர், ஸ்டெப்னிக்கும் அதே டயர், தேய்ந்த ஷாக் அப்சார்பர்களுக்குப் புதியவை, வீல் அலைன்மென்ட், கையோடு ஒரு காற்றுப் பம்பு. செலவு லிஃப்டும் பெரிய டயரும் கேட்டதைவிடக் குறைவு. வண்டி வாங்கிய புதிதில் எல்லோருக்கும் அதை உயர்த்திப் பார்க்க ஆசை வரும். அந்த ஆசையோடு பணத்தைக் கொடுப்பதற்கு முன், அதே வண்டியில் தினமும் போகும் சாலையில் மழை நாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தட்டுவது எது, வழுக்குவது எது என்று இறங்கிப் பாருங்கள். அடி தட்டினால் உயரத்தைப் பற்றி யோசிக்கலாம். வழுக்கினால் டயரின் பட்டனை மாற்றினாலே போதும்.