அரும்பாவூரில் உளி தீட்டப் பழகிய மூன்று நாள்

"தம்பி, எதிர்நார்ல போறீங்க. கட்டையைத் திருப்பி வச்சு அடிங்க."

ஸ்தபதி என் பக்கம் திரும்பவே இல்லை. ஐந்தடி தள்ளி உட்கார்ந்து ஓர் அம்மன் சிலையின் தோடைச் செதுக்கிக்கொண்டிருந்தார். குனிந்து என் கட்டையைப் பார்த்தேன். உளி போன தடம் முழுக்கச் சிராய் கிளம்பியிருந்தது. திருப்பி வைத்து அடித்தேன். அதே உளி, அதே கை. சீவல் சுருள் சுருளாக வந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "சத்தம் வேறயாச்சே" என்றார்.

ஓராண்டாகக் கைப்பேசியில் தச்சுக் காணொளிகள் பார்த்து வருகிறேன். உளியை எப்படிப் பிடிப்பது என்று அவை காட்டின. நான் எப்படிப் பிடித்திருக்கிறேன் என்று பார்த்துச் சொல்ல யாருமில்லை. நான் செய்த நாற்காலி ஆடியது. ஏன் ஆடுகிறது என்று தெரியவில்லை. அதற்காகத்தான் அரியலூரிலிருந்து பெரம்பலூர் வந்து, ஆத்தூர் சாலையில் எசனை, வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம் கடந்து, பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூருக்குப் போனேன்.

அரும்பாவூரிலும் பக்கத்துத் தழுதாழையிலும் மரச்சிற்பம்தான் பல குடும்பங்களுக்குச் சோறு. சாமி சிலைகள், கோயில் வாகனங்கள், தேருக்கான சிற்பங்கள், வாசல் கதவுகள் எல்லாம் இங்கே உருவாகின்றன. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில், பெரும்பாலும் ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையில் சிலையை எடுப்பார்கள். 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

செதுக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு வந்த எனக்கு முதல் நாள் கையில் கிடைத்தது ஒரு பட்டை உளியும் சாணைக்கல்லும்தான். காலை முழுக்கத் தீட்டினேன். உளியின் சரிவு முழுவதும் கல்லில் படிய வேண்டும். தள்ளும்போது மணிக்கட்டு துளியும் அசையக் கூடாது. என்னுடையது அசைந்தது, எனக்கு அது தெரியவில்லை. ஸ்தபதி வந்து இரண்டு விரலை என் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டு, "இப்பத் தள்ளுங்க" என்றார். விரல்கள் அழுத்தவில்லை, சும்மா இருந்தன. ஆனால் கை ஆடும்போதெல்லாம் அந்த இரண்டு விரலில் முட்டியது. நான்கைந்து முறை முட்டியபின் கை தானாக நின்றது. பிறகு உளியின் பின்பக்கத்தைக் கட்டை விரலால் தடவச் சொன்னார். முனையில் மெல்லிய பிசிர் தட்டுப்பட்டது. "அது வந்தாத்தான் கூர் முனை வரைக்கும் போயிருக்குன்னு அர்த்தம். இப்ப அதை எடுக்கணும்."

இரண்டாம் நாள் அளவு. கட்டையின் நடுவில் ஒரு கோடு இழுத்தார். முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். ஒன்பது தாள உயரமுள்ள நவதாளச் சிலைக்கு மொத்தம் 108 அங்குலம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலில் இல்லை. கட்டையின் உயரத்தை வகுத்துத்தான் அது பிறக்கிறது. சாண் உயரச் சிலைக்கும் ஆள் உயரச் சிலைக்கும் கணக்கு ஒன்றே. நடுக்கோட்டைக் கடைசிவரை அழிய விடக் கூடாது; செதுக்கும்போது போய்விட்டால் உடனே திரும்ப வரைந்துகொள்ள வேண்டும்.

உணவு இடைவேளையில் பேச்சு வேறு பக்கம் போனது. முன்பெல்லாம் பையன்கள் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின், மாமாவின் பட்டறையில் உட்கார்ந்தே பழகினார்கள். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசுக் கல்லூரியில் மரச்சிற்பத்துக்குப் பட்டப்படிப்பே உண்டு. ஆண்டுக்கணக்கில் படிக்க முடிந்தவர்கள் அங்கே போகலாம். 2023இல் வந்த பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சிக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அறிவித்தார்கள். ஆனால் அது ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கானது. இந்தத் தொழிலில் பிறக்காமல், ஆசைப்பட்டு உளியைத் தொடுகிறவர் எங்கே போவது? இப்படி ஒரு பட்டறை வாசலில் போய் நிற்பதுதான் வழி.

அங்கே கற்க வருகிறவருக்குக் கிடைக்கும் பாடத்துக்கான செலவு ஆசானுடையது. என்னோடு ஸ்தபதி செலவழித்த ஒவ்வொரு மணி நேரமும் அம்மன் சிலை காத்திருந்தது. வேலை முடிந்தால்தான் அவருக்குக் காசு. நான் கொடுத்த பணத்தை முதலில் மறுத்தார். கூலி என்று சொன்னபிறகே வாங்கிக்கொண்டார். கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று அரசும் நம்மைப் போன்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்பவருக்கு உதவித்தொகை கொடுப்பதுபோல், பட்டறையில் இடம் கொடுக்கும் ஆசானுக்கும் மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தால், குடும்பத்துக்கு வெளியிலிருந்து வருகிறவரையும் அவரால் தயங்காமல் உட்காரவைக்க முடியும். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். சத்தத்தை வைத்தே தவறைக் கண்டுபிடிக்கிற காதை, இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் காக்க முடியும்.

மூன்றாம் நாள் மாலை, கிளம்புமுன் கடைசியாக ஒருமுறை உளியைத் தீட்டி வைத்தேன். அம்மனின் விரல் இடுக்கைச் செதுக்கிக்கொண்டிருந்த ஸ்தபதி தன் உளியைக் கீழே வைத்தார். கைநீட்டி நான் தீட்டியதை எடுத்தார். முனையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கொட்டாப்புளியைத் தூக்கி வேலையைத் தொடர்ந்தார்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. இருந்தும் சற்று நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.