பணம் காய்க்காத கொடி

வீட்டில் பணம் பெருக வேண்டுமானால் மணி பிளாண்ட் வளர்க்க வேண்டும் என்று சொல்லுகிறார்கள். அதிலும் அக்கொடியைக் கடையில் காசு கொடுத்து வாங்கக் கூடாதாம். அடுத்த வீட்டாருக்குத் தெரியாமல் ஒரு துண்டைக் கிள்ளிக்கொண்டு வந்து வைத்தால்தான் பலன் உண்டாம். செல்வம் திருட்டில் ஆரம்பமாகிறது என்பதை இவ்வளவு பச்சையாக ஒப்புக்கொள்ளும் நம்பிக்கை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. நான் இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் தாவர சாஸ்திரம் போதிப்பவன். என் வீட்டிலும் அந்தக் கொடி ஏழு வருஷமாக இருக்கிறது. அது செழிப்பாக வளர்ந்திருக்கிறது. என் சம்பளத்தின் மேல் மட்டும் அப்படி ஓர் அபவாதத்தை யாரும் சுமத்த முடியாது.

சென்ற வருஷம், தகப்பனார் காலமான பிறகு, என் தாயார் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு, நகரத்தில் மூன்றாவது மாடியிலுள்ள எங்கள் குடித்தனத்துக்கு வந்து சேர்ந்தார். கொல்லையில் அவரைப் பந்தலும், புடலையும், கனகாம்பரமும் வைத்துக் காலம் கழித்தவர் அவர். வந்த அன்றே கொடியை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இது பூக்குமா?"

"பூக்காது, அம்மா."

"காய்க்குமா?"

"காய்க்காது."

"இலையாவது குழம்புக்கு ஆகுமா?"

"ஆகாது. கடித்தால் வாயெல்லாம் எரியும். குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்."

"அப்படியானால் இதற்கு எதற்குத் தண்ணீர்?" என்றார்.

கேள்வி நியாயமானது. பசிபிக் சமுத்திரத்தில் தாஹித்திக்குப் பக்கத்திலுள்ள மூரியா தீவு இக்கொடியின் ஜன்ம பூமி. 1880-ல் சாஸ்திரிகள் இதற்கு முதன்முதலாகப் பெயர் வைத்தார்கள். பூவைக் காண்பது அரிதாயிருந்ததால், எந்தக் குடும்பக் கிளையில் சேர்ப்பது என்று தெரியாமல் வெகு காலம் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பூப்பதற்கு வேண்டிய கிப்பரெல்லின் என்னும் சத்தை இது போதிய அளவு உண்டாக்கிக் கொள்வதில்லை என்று 2016-ல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அச்சத்தை மேலே தெளித்தபோது பூத்ததாம். காற்றைச் சுத்தம் செய்கிறது என்ற புகழோ, 1989-ல் நாஸா ஸ்தாபனத்தார் மூடிய சிறு பெட்டிகளில் செய்த சோதனையிலிருந்து வந்தது. மனிதர் குடியிருக்கும் வீட்டில், ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக வேண்டுமானால் செடிகளுக்கிடையே மனிதர் நிற்க இடமிராது என்று 2019-ல் கணக்கிட்டுவிட்டார்கள்.

இத்தனையும் சொன்னேன். தாயார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு துண்டைக் கணுவோடு வெட்டிப் பாட்டிலில் போட்டுத் தம் அறைக்கு எடுத்துச் சென்றார். கணுவில்லாத வெறும் இலை கொடியாகாது என்பதை நான் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதற்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். இரண்டு மாதத்தில் கொடி நான்கு இலை விட்டது. ஒவ்வோர் இலையிலும் மஞ்சள் குறைந்துகொண்டே வந்து, கடைசி இலை முழுப் பச்சையாக இருந்தது. "சாயம் போய்விட்டதே!" என்றார்.

சாயம் போகவில்லை. இலையின் பச்சைப் பாகம்தான் வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைக்கிறது. மஞ்சள் பாகத்தில் பச்சையம் மிகவும் குறைவு. பச்சை சம்பாதிப்பதை மஞ்சள் உட்கார்ந்து சாப்பிடுகிறது. வெளிச்சம் தாராளமாக இருக்கும்வரை கொடிக்கு அந்த அழகு கட்டுப்படியாகும். வெளிச்சம் குறைந்தால், புது இலைகள் மஞ்சளைக் குறைத்துக்கொண்டு வரும்.

இதை வகுப்பில் சொல்வதுபோலவே சொல்லி முடித்தேன். தாயார் சிறிது நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்டில் நானும் மஞ்சள் பாதிதான்" என்றார், சாதாரணமாக.

என்ன பதில் சொல்வது? இருபது வருஷ அநுபவத்தில் எந்த மாணவனும் அப்படி ஒரு சந்தேகம் கேட்டதில்லை. அன்றிரவு நானும் மனைவியும் ஆலோசித்தோம். மறுநாள் கிழக்கு ஜன்னல் உள்ள எங்கள் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, நாங்கள் சுவரைப் பார்த்த அறைக்கு மாறினோம். காரணம் கேட்டார். "கொடிக்கு வெளிச்சம் வேண்டும், அம்மா" என்றேன். அவர் நம்பினாரோ என்னவோ, மறுக்கவில்லை.

உச்சி வெயில் நேராகப் பட்டால் இலை கருகும் என்பதால், பாட்டிலை ஜன்னலுக்கு இரண்டடி உள்ளே வைத்தார். முழுப் பச்சையாகிப்போன நுனியை, மஞ்சள் நன்றாக இருந்த இலைக்கு மேலே நறுக்கிவிட்டார். பச்சையான இலை மறுபடி மஞ்சளாவதில்லை. புதிதாகத் துளிர்ப்பதில்தான் மாறுதலைக் காணலாம். தொட்டியிலுள்ள தாய்க்கொடிக்கு, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அன்பு மிகுதியால் தினம் ஊற்றினால் வேர் அழுகும்.

வெள்ளிக்கிழமை காலையில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும்போது, பாட்டிலையும் கவிழ்த்துத் தேங்காய் நாரால் உள்ளே தேய்த்துக் கழுவுவது அவர் வழக்கமாயிற்று. இதை மட்டும் எல்லா வீட்டாரும் கைக்கொள்ள வேண்டும். டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்த நீரையே விரும்பி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அது போகாது. உலர்ந்து பல மாதம் கிடந்தாலும், மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக நம் பக்கத்து உஷ்ணத்தில் எட்டுப் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தேய்ப்பது சரியான கணக்கு. தாயார் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை. விளக்கோடு விளக்காகச் செய்தார். பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்கி, மற்றவர் வீட்டுப் பாட்டில்களையும் விசாரிக்க ஆரம்பித்தார். இப்போது எங்கள் கட்டடத்தில் என்னை அவருடைய மகன் என்றுதான் அடையாளம் சொல்லுகிறார்கள்.

கொடி ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. புது இலைகளில் மஞ்சள் தாராளமாக விழுகிறது. போன வாரம் கீழ் வீட்டுப் பெண் தயங்கித் தயங்கி வந்து, "பாட்டி, இதைத் திருடி வைத்தால்தான் வளருமாமே?" என்றாள்.

தாயார் கத்தரிக்கோலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் பார்க்கவில்லை, எடுத்துக்கொண்டு போ. கணுவோடு சேர்த்து வெட்டு. வெள்ளிக்கிழமைதோறும் பாட்டிலைக் கழுவு" என்றார்.