உப்பு டப்பாவில் ஒரு ரப்பர் பேண்டு

புதுச்சேரியில் நான் படித்த பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சு மொழியில்தான். 'பேன் பெர்த்யூ' என்ற சொல்லை அங்கே கற்றேன். தமிழில் எழுதினால் தலையில் ஊரும் பேன்தான் நினைவுக்கு வரும். பிரெஞ்சில் அது ரொட்டி. 'பேன் பெர்த்யூ' என்றால் 'வீணான ரொட்டி'. காய்ந்த ரொட்டித் துண்டுகளை முட்டை, பால், சர்க்கரை கலந்து அதில் நனைத்து, வெண்ணெயில் வாட்டி எடுப்பது. சொல் தெரிந்த எனக்கு, எழுபது வயது தாண்டும்வரை செய்யத் தெரியாது.

சென்ற ஆண்டு என் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. ஒரு மாதம் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். சமையலறைப் பொறுப்பு என்னிடம் வந்தது. குமாஸ்தா புத்தி போகுமா? முதல் நாளே அலமாரியைத் துடைத்து, டப்பாக்களை வரிசைப்படுத்தி, அவற்றில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டுகளைக் கழற்றி எறிந்தேன்.

அவள் கறுப்புக் கண்ணாடியுடன் வாசற்படி அருகே நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தினாள்.

"முட்டையைத் தண்ணியில போட்டுப் பாருங்க. படுத்துக்கிட்டா புதுசு. எழுந்து நின்னா சீக்கிரம் தீர்க்கணும். மிதந்தா தூக்கிப் போடுங்க."

காரணம் எளிது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நாளாக ஆக உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி, காற்று புகுந்து, முட்டை லேசாகிவிடுகிறது.

மிஞ்சிய ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனேன். தடுத்தாள். அந்தக் குளிரில் ரொட்டி வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துப் போகும். தண்ணீர் தெளித்துச் சூடான தோசைக்கல்லில் மூடி வைத்தால் மறுபடி மெத்தென்று ஆகும்.

மூன்றாம் நாள் சாம்பார். உப்பு போட்டதை மறந்து மறுபடியும் போட்டேன்.

"உருளைக்கிழங்கு வெட்டிப் போடுங்க" என்றாள்.

"உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தனியா உறிஞ்சாது. படிச்சிருக்கேன்."

"கூடவே ரெண்டு டம்ளர் தண்ணியும் வெந்த பருப்பும் சேர்க்கச் சொன்னேனே, அது காதுல விழலையா?"

விழவில்லைதான். அளவு கூடினால் உப்பு குறையும். உருளைக்கிழங்கு துணைக்கு.

அடுத்து காபி போட்டேன். ஒரு வாய் குடித்ததும் துப்பினேன். சர்க்கரைக்குப் பதில் பொடியுப்பு.

"உப்பு டப்பாவுல ஒரு ரப்பர் பேண்டு, சர்க்கரை டப்பாவுல ரெண்டு போட்டிருந்தேனே, எங்கே?"

"எறிஞ்சிட்டேன். அது எதுக்கு?"

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ரெண்டும் வெள்ளையாத்தான் தெரியும். ஒரு வருஷமா விரலால தடவித்தான் எடுத்தேன். கரண்டியில எவ்வளவுன்னும் தெரியாது."

அந்த ஒரு வருடத்தில் குழம்பில் உப்பு கூடியபோதெல்லாம் நான் கேட்டது நினைவுக்கு வந்தது. "கவனம் எங்கே இருக்கு உனக்கு?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாளும் உண்டு. அவள் ஒன்றும் சொன்னதில்லை.

"ஏன் சொல்லல?"

"ஆபரேஷன்னு செலவு வைப்பீங்களேன்னுதான்."

அன்று மாலையே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் ரப்பர் பேண்டு வாங்கி வந்தேன். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு. இப்போது அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் அவற்றைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

என் வயது நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: வீட்டில் குழம்பு அடிக்கடி கரித்தால், கோபப்படுவதற்கு முன் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.