இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு நைலான் கயிறு

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தவர் அவர். வயது 32. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். 2011-ல் அவர் மனைவி வக்கீலான என்னிடம் கொண்டுவந்த காகிதங்களில் முதல் தகவல் அறிக்கையைப் படித்ததுமே, லேசான வழக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. அதில் குற்றவாளி என்று எழுதப்பட்டிருந்தவர், இறந்துபோனவரேதான். மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே அஜாக்கிரதையாக மோட்டார் சைக்கிளை விட்டார் என்று மினி லாரி டிரைவர் புகார் கொடுத்திருந்தார். குற்றவாளியே இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது.

நடந்தது இதுதான். பழனி சாலையில் ஒரு கார் பழுதாகி நின்றது. தெரிந்தவரின் மினி லாரியை வரவழைத்து, பின்னால் கயிறு கட்டி, மெக்கானிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இருட்டத் தொடங்கிய நேரம். கிளைச்சாலையில் இருந்து வந்த அந்த மனிதர், மினி லாரி கடந்து போகும்வரை நின்றார். அது போனதும், பின்னால் வந்த காருக்கு முன்னால் இடம் இருக்கிறது என்று நினைத்து மெயின் ரோட்டில் ஏறினார். கயிறு அவரைத் தட்டிவிட்டது. விழுந்தவர் மேல் கார் ஏறியது.

"கயித்தைப் பார்த்திருந்தா அவரு போயிருக்கவே மாட்டாரு சார்" என்றார் அந்தப் பெண். வழக்கின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. பார்க்க முடியாதபடி கயிறு கட்டியவர்கள் யாரோ, பொறுப்பு அவர்களுடையது என்பதை இழப்பீட்டு வழக்கில் நிரூபிப்பது என் வேலையானது.

போலீஸ் தயாரித்த பார்வை மகஜர்தான் எனக்குக் கிடைத்த முதல் பிடி. எழுதியவர் நேர்மையாக எழுதியிருந்தார்: அடர்நீல நைலான் கயிறு, நீளம் 24 அடி. சிவப்புத் துணி கட்டியிருந்ததாகவோ, காரின் பின்னால் அறிவிப்புப் பலகை இருந்ததாகவோ ஒரு வார்த்தையும் இல்லை.

அப்போது நடைமுறையில் இருந்தது 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள். அவற்றில் 20-ஆவது விதி, வண்டியை இழுத்துச் செல்வது எப்படி என்று தெளிவாகச் சொன்னது. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறோ சங்கிலியோ, சாலையில் வருகிறவர்களுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். இழுக்கப்படும் வண்டியின் பின்னால், வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாத கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று எழுதி மாட்ட வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டாவிட்டால், இழுக்கப்படும் வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஐந்து மீட்டர் என்பது பதினாறரை அடிகூட இல்லை. இங்கே கயிறு 24 அடி. மினி லாரி டிரைவர் குறுக்கு விசாரணையில், 'நாற்பதில்தான் போனேன்' என்றார். மெதுவாகப் போனதாகக் காட்டச் சொன்ன பதில் அது. விதியை மீறியதற்கான ஒப்புதலாக அமைந்தது. காரின் ஸ்டியரிங்கில் இருந்தது மெக்கானிக் கடையில் வேலை பழகும் 17 வயதுப் பையன். லைசென்ஸ் கிடையாது.

அடுத்த சிக்கல் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. காரின் பிரேக் நல்ல நிலையில் உள்ளது, விபத்து இயந்திரக் கோளாறால் நடந்ததல்ல என்று முடித்திருந்தார். பையன் பிரேக்கை மிதித்தும் கார் நிற்கவில்லை என்றால், அந்த மனிதர் அவ்வளவு கிட்டத்தில் வந்து புகுந்தார் என்றுதானே அர்த்தம் என்று காரின் இன்சூரன்ஸ் தரப்பு வாதாடியது. ஆய்வாளரைக் கூண்டில் ஏற்றினேன்.

"எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது பிரேக்கைச் சோதித்தீர்களா, நிறுத்திவிட்டா?"

"பழுது பார்த்த பிறகு, எஞ்சின் ஓடும்போதுதான்."

"எஞ்சின் ஓடாவிட்டால்?"

"பூஸ்டரில் வேக்குவம் இருக்காது. ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லு மாதிரி இறுகிவிடும். பலமாக மிதித்தால் பிடிக்கும். ஆனால் வழக்கம்போல் பிடிக்காது."

அன்று கோர்ட் ஹாலில் அந்தப் பையனும் இருந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இறுகிப்போன பெடலோடும், பவர் இல்லாமல் கனத்த ஸ்டியரிங்கோடும் அவனை அந்தச் சீட்டில் உட்காரவைத்த பெரியவர்கள்மேல்தான் வந்தது. கடை முதலாளியின் சாட்சியம் அதை உறுதிசெய்தது. டோ பார் உங்கள் கடையில் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு சார். கொஞ்ச தூரந்தானேன்னு எடுத்துட்டுப் போகலை" என்றார்.

டோ பார் என்பது இரண்டு வண்டிகளையும் கொக்கியோடு கொக்கி பிணைக்கும் இரும்புத் தண்டு. கயிறு தொய்யும், இழுபடும், அறுந்தும் போகும். முன்வண்டி பிரேக் போட்டால் பின்வண்டி போய் இடிப்பதைக் கயிற்றால் தடுக்க முடியாது. தண்டு தொய்யாது. இரண்டு வண்டிக்கும் உள்ள இடைவெளி மாறாது. முன்வண்டி நின்றால் பின்வண்டியும் நிற்கும். நடுவில் ஏதோ இருக்கிறது என்பதும் குறுக்கே வருகிறவர் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கடையின் மூலையில் கிடந்த தண்டு சாலைக்கு வந்திருந்தால், அந்த மனிதர் மினி லாரிக்குப் பின்னால் இடம் இருப்பதாக நினைத்திருக்கவே மாட்டார்.

காரின் இன்சூரன்ஸ் தரப்பு இன்னொரு வாதமும் வைத்தது: எஞ்சின் ஓடாத கார் வெறும் சுமை, அது மோட்டார் வாகனமாக ஓடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவைப் படித்துக் காட்டினேன். இயக்கும் சக்தி உள்ளிருந்து வந்தாலும் வெளியிலிருந்து வந்தாலும் அது மோட்டார் வாகனம்தான் என்கிறது அந்தப் பிரிவு.

2014-ல் தீர்ப்பு வந்தது. இழப்பீட்டு வழக்கில் கிரிமினல் வழக்கைப்போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் எது என்று பார்த்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் பிம்லா தேவி வழக்கில் சொன்னதைத் தீர்ப்பாயம் ஏற்றது. முதல் தகவல் அறிக்கையை ஒதுக்கிவைத்தது. இறந்தவர்மேல் துளியும் தவறு இல்லை. மினி லாரிக்கு 60 சதவீதம், காருக்கு 40 சதவீதம் பொறுப்பு என்று முடிவுசெய்தது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதால், 2004-ன் ஸ்வரன் சிங் தீர்ப்பின்படி, காரின் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கார் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவானது. மாத வருமானம் 6,000 ரூபாய். சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்து, மீதியை ஆண்டுக் கணக்காக்கி, சரளா வர்மா தீர்ப்பின்படி 16-ஆல் பெருக்கி, வருமான இழப்பு மட்டும் 8,64,000 ரூபாய். தொகையைவிட, 'உங்கள் கணவர்மேல் தவறு இல்லை' என்று கோர்ட் சொன்னதைத்தான் அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அந்த 1989 விதிகளுக்குப் பதிலாக 2017-ல் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறை வந்துவிட்டது. இழுத்துச் செல்வதற்கான கட்டுப்பாடுகள் அதிலும் உண்டு. ஆனாலும் நம் சாலைகளில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. அதனால் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் காரையும் எலெக்ட்ரிக் காரையும் மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸும் மோட்டாரும் கெட்டுப்போகும். வேறு வழியே இல்லாமல் இழுக்க நேர்ந்தால் டோ பார் கேளுங்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியை ஆன் நிலையில் வையுங்கள், கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். லைசென்ஸ் உள்ளவர் உட்காரட்டும். பின்னால் பலகை மாட்டுங்கள், மெதுவாகப் போங்கள். இருட்டிவிட்டால் விடியும்வரை வண்டி ஓரமாக நிற்கட்டும். இரண்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டிய பிறகு, நடுவில் உள்ள இடத்தில் யாருக்கு என்ன நேர்ந்தாலும் கட்டியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.