இலை சொன்ன மீதி
கல்லாவி பக்கம் ஒரு மாந்தோப்பு. கிராமத் தங்கல் பயிற்சிக்கு வந்திருந்த வேளாண் கல்லூரி மாணவி, கறுத்துப்போன இலையைப் போனில் படம் பிடித்தார். செயலி, 'பூஞ்சணம்' என்றது. மருந்து வாங்கக் கிளம்பிவிட்டார் தோப்புக்காரர்.

"தொட்டுப் பாரும்மா, பிசுபிசுங்குது" என்றார் அவர் மனைவி. பூங்கொத்தை உலுக்கினார். தத்துப்பூச்சிகள் பறந்தன.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக இணையதளத்தில் தேடினார் மாணவி. இந்தப் பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில்தான் கரும்பூஞ்சணம் படரும். சாற்றை உறிஞ்சுவதால் பூவும் பிஞ்சும் உதிரும். பூஞ்சணத்துக்கு மட்டும் மருந்தடித்திருந்தால், காசோடு அந்த வருஷ மகசூலும் போயிருக்கும்.

செயலி சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை.

பயிற்சிக் குறிப்பேட்டில் அன்று மாணவி எழுதினார்: 'முதலில் இலையைத் தொடு, பிறகு போனைத் தொடு.'