இன்னும் ஒரு வருஷம்

ஊழியத்துக்கு வந்த இரண்டாம் வருஷம். அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அடக்க ஆராதனை. பத்தொன்பது வயதுப் பையன், சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போன லாரியில் அடிபட்டவன். நான் நோட்டில் எழுதி வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: எல்லாம் கர்த்தருடைய சித்தம், அவருடைய ஆளுகையை எதிர்த்துக் கேட்க நாம் யார். பெட்டியோரம் உட்கார்ந்திருந்த பையனின் அப்பாயி தலையை நிமிர்த்தினார்.

“ஐயா, லாரிக்காரன் குடிச்சிப்புட்டு ஓட்டுனான். அதுவும் ஆண்டவரு சித்தமா? அப்ப அவன் மேல தப்பே இல்லியா?”

ஊரே என்னைப் பார்த்தது. எனக்குப் பதில் வரவில்லை. ஜெபத்தைச் சொல்லி முடித்துவிட்டேன்.

முப்பது வருஷமாகப் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே பிரசங்கித்து வருகிறேன். அந்தக் கிழவி கேட்ட கேள்வியைவிடக் கனமானது ஒன்றை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சித்தத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் மனந்திரும்புவதற்கு ஆளே மிஞ்சமாட்டார்கள். எல்லாம் மனுஷன் செய்கிற தப்புத்தான் என்று சொல்லிவிட்டாலோ, அந்த வீட்டில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இராது. இந்த இரண்டையும் ஒரே பிரசங்கத்தில் நிறுத்துவதுதான் எங்கள் தொழிலின் கஷ்டம்.

முதலில் சொல்லே சண்டை போடுகிறது. கடவுளின் ஆளுகை என்று ஆரம்பித்தால் கேட்பவர் காதில் தலையெழுத்து என்றுதான் விழுகிறது. மழை பொய்த்து மக்காச்சோளம் கருகினாலும் தலையெழுத்து, பெண்ணுக்கு வரன் அமையாவிட்டாலும் தலையெழுத்து. சபைக்கு வருகிறவர்கள் அதற்கு மேல் ‘கர்த்தர்’ என்று ஒரு சட்டையை மாட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். படித்தவர்கள் ‘இறையாண்மை’ என்கிறார்கள். நல்ல சொல், ஆனால் எங்கள் பக்கத்தில் அது அரசியல் சட்டத்தின் முகப்பில் இருக்கிற சொல். நான் ‘ஆளுகை’ என்பதையே வைத்துக்கொண்டேன். தலையெழுத்தோடு யாரும் பேச முடியாது. ஆளுகிறவரிடம் மனுப் போடலாம், அழலாம், சண்டைகூடப் பிடிக்கலாம். வேதத்தில் யோபு அதைத்தானே செய்தார்?

‘மனந்திரும்புதல்’ விஷயத்தில் தமிழுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கிரேக்க மூலத்தில் இருக்கும் ‘மெத்தனோயா’ மனம் மாறுவதைச் சொல்கிறது. தீர்க்கதரிசிகள் சொன்ன எபிரெயச் சொல் ‘ஷூப்’, நடந்த வழியில் திரும்புவது. நம்முடைய சொல்லில் மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. கத்தோலிக்கச் சகோதரர்கள் ‘மனமாற்றம்’ என்கிறார்கள், அதில் குறையொன்றுமில்லை. ஆனால் கால் திரும்புகிற சத்தம் எனக்கு அதில் கேட்பதில்லை. யூதாசைப் பற்றிச் சொல்லும்போது பழைய மொழிபெயர்ப்பு ‘மனஸ்தாபப்பட்டு’ என்று வேறு சொல் போட்டிருப்பதைக் கவனித்தீர்களா? மூலத்திலும் அங்கே வேறு சொல்தான். அவன் வருந்தினான், காசைக்கூடத் திருப்பி எறிந்தான், ஆனால் ஆண்டவரிடம் திரும்பவில்லை. கூட்டத்தை அழவைத்துவிட்டால் மனந்திரும்ப வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிற பிரசங்கிமார் இந்த இடத்தை அடிக்கடி வாசிப்பது நல்லது. இதை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆளுகை என்றவுடன் பலரும் குயவனைக் கூப்பிடுவார்கள். பானை குயவனைக் கேள்வி கேட்குமா என்று ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்து எல்லார் வாயையும் அடைத்துவிடலாம். நானும் அடைத்திருக்கிறேன். ஒருநாள் நிஜமாகவே ஒரு குயவர் வீட்டுத் திண்ணையில் உட்கார நேர்ந்தது. அவர் சக்கரத்தைத் தொடவே இல்லை. மிதித்த மண்ணைப் பிசைந்து பிசைந்து எதையோ பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். சுக்கான் கல், மிளகு அளவுகூட இல்லை. “இது சூளையில தப்பிச்சிரும் சாமி. வெளிய வந்து மழைக்காத்து பட்டா வெடிக்கும், பானையில சில்லு பேந்துரும்” என்றார். வெந்த சுண்ணாம்பு ஈரத்தைக் குடித்து உப்பும், அந்த வேகத்தில் ஓடு உடையும். ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த சீமை இது. கிளிஞ்சலும் சங்கும் கல்லாகிக் கிடக்கிற ஊரில் களிமண்ணில் சுண்ணாம்பு இல்லாமல் எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்து எரேமியா பதினெட்டைத் திறந்தேன். அங்கே குயவன் வருவது வாயை அடைக்க அல்ல. கெட்டுப்போன மண்ணை அவன் எறிந்துவிடாமல் மறுபடியும் வனைகிறான். ஒரு ஜனம் தன் பொல்லாப்பை விட்டுத் திரும்பினால், செய்ய நினைத்த தீங்கைத் தானும் விட்டுவிடுவதாகக் கடவுளே அதையொட்டிச் சொல்கிறார். ஆளுகையும் மனந்திரும்புதலும் ஒரே சக்கரத்தில் சுற்றுகின்றன. அந்தக் கல்லை வருஷக்கணக்கில் பொறுக்காமல் விட்டு நான் எத்தனை பானைகளைச் சூளைக்கு அனுப்பினேனோ தெரியாது.

நவம்பர் வந்தால் நான் எடுக்கிற பகுதி லூக்கா பதின்மூன்று. காரணம் மருதையாறு. 1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே வெள்ளத்தில் பாலம் போனது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸின் எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. செத்தவர்கள் ஏறக்குறைய 150 பேர். (அதே நவம்பர் 23இல்தான், 2007இல், அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. மாவட்டத்தின் பிறந்தநாள் எல்லாருக்கும் தெரிகிறது.) சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை இயேசுவே எடுத்துச் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்கு ஒரு கணக்குத் தேவைப்பட்டது. செத்தவன் என்ன பாவம் செய்தான் என்கிற கணக்கு. அவர் அதைக் கொடுக்கவில்லை. கோபுரம் ஏன் விழுந்தது என்றும் சொல்லவில்லை. உயிரோடு நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் திரும்புகிறீர்களா என்று கேட்டார்.

மருதையாற்று விபத்துக்குப் பிறகு ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தை அவர் கட்டவில்லை, வெள்ளத்தையும் அவர் விடவில்லை. அந்த செப்டம்பரில் மகபூப்நகர் ரயில் விபத்து நடந்தபோதே அவர் விலகக் கேட்க, நேரு தடுத்திருந்தார். இந்த முறை பிடிவாதமாக இருந்தார். இந்தப் பக்கம் எதிர்க்கட்சியினர் ரயில்வே துணை மந்திரியின் பெயரை வைத்து எதுகை கட்டி முழக்கம் போட்டார்கள். இன்றும் பெரியவர்கள் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். விரல் நீட்டுவது நமக்கு எதுகையோடு வரும். மனந்திரும்புதலைப் பிரசங்கிக்க நான் வேதத்துக்கு வெளியே ஒரு உதாரணம் தேடினால் சாஸ்திரி அனுப்பிய அந்த ராஜினாமாவில்தான் போய் நிற்கிறேன். அவர் கிறிஸ்தவரும் அல்ல.

அதே அதிகாரத்தில் அடுத்ததாக அத்திமரம் வருகிறது. மூன்று வருஷம் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்கிறார் நிலத்துக்காரர். தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் கேட்கிறான், கொத்தி எரு போடுகிறேன் என்கிறான். எங்கள் ஜனங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், எல்லாருமே தவணையில் வாழ்கிறவர்கள். ஆளுகை என்றால் இப்போது எனக்கு அந்தத் தவணைதான் முதலில் ஞாபகம் வருகிறது. கோடரியைக் கையில் வைத்திருப்பவர் வெட்டாமல் இருப்பது. அந்த அப்பாயிக்கு இன்று பதில் சொல்ல வேண்டுமானால், லாரிக்காரன் மேல் தப்பு உண்டு, அவனை விசாரிக்கிற ஒருவர் உண்டு, அவர் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்து அழுகிறார் என்பேன். அதையும் மூன்றாம் நாள் சொல்வேன், பெட்டியோரம் அல்ல.

பிரசங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்ட ஊர். அவர் எங்கள் தரங்கம்பாடி லுத்தரன் மிஷன்காரர்களைச் சாடி ‘வேத விளக்கம்’ எழுதியவர், அந்தக் கணக்கு எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் உபதேசியார்களுக்காக அவர் எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயர் ‘வேதியர் ஒழுக்கம்’. பேச்சுத் திறமை என்றோ வாதத் திறமை என்றோ வைக்கவில்லை. அவரே பெரிய வாதக்காரர், அவருக்குத் தெரியாததா? அதைப் படித்தபின் நான் பிரசங்கத்தில் ‘நீங்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘நாம்’ என்று எழுதப் பழகினேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ‘நான்’ என்றும்.

ஆலத்தூர்ப் பக்கம் ஒரு சபையில், அப்படியொரு ஞாயிறு, வரப்பைப் பற்றிப் பேசினேன். ஒவ்வொரு உழவிலும் விரற்கடை விரற்கடையாக அடுத்தவன் நிலத்துக்குள் நகர்கிற வரப்பு. நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்த சகேயுவையும் சொன்னேன். யாரும் அழவில்லை, கடைசிப் பாட்டுப் பாடிவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். சுமாரான பிரசங்கம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆறேழு மாதம் கழித்து ஒருவர் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி, சின்ன வெங்காயம் நடுவதற்கு முன் தன் பக்கத்து நிலத்துக்காரர் ஆள் விட்டு வரப்பை ஒன்றரை அடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். தள்ளிப் போட்டவர் என் சபை மூப்பர். சொன்னவர் மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டுகிறவர்.