எந்த ஊர்க் கண்?

போன மாதம் ஒரு சாயங்காலம், என் தம்பி மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் பொத்தென்று போட்டாள். "பெரியப்பா, இதை எடைக்குப் போடும்போது உங்க பழைய பேப்பரோட சேர்த்துப் போட்டுடுங்க" என்றாள். ஒன்பதாவது படிக்கிற பெண். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு சிறு படம். கட்டைவிரலால் சரசரவென்று விட்டால், பாவாடை தாவணி கட்டிய ஒரு பெண் ஏரிக்கரையில் ஓடுகிறாள். பின்னால் பனைமரம். நம் உத்திரமேரூர் ஏரியேதான். ஆனால் அந்தப் பெண்ணின் கண்கள்! முகத்தில் பாதியை அவையே அடைத்துக்கொண்டிருந்தன. ஜப்பான் படங்களில் வருமே, அந்தக் கண்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் ஒருவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர் முகமா?" என்று கேட்டாராம். சரியென்று, ஜப்பான் படமே கதியென்று கிடக்கும் தோழிகளிடம் காட்டினாளாம். "ஜப்பானில் செய்தால்தான் அனிமே. மற்றதெல்லாம் காப்பி" என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இந்த வீட்டிலும் இடமில்லை, அந்த வீட்டிலும் இடமில்லை.

சமாதானம் செய்கிற அவசரத்தில், "அமெரிக்காக்காரன் எடுத்த 'அவதார்' தொடர் கூட அப்படித்தானே இருக்கிறது?" என்று உளறி வைத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "அதையும் அனிமே இல்லைன்னுதான் சொல்றாங்க!"

2005-ல் வந்த தொடர் அது. கதையும் திட்டமும் அமெரிக்கா. படங்களை வரைந்தவை தென்கொரியக் கூடங்கள். வேடிக்கை என்னவென்றால், ஜப்பான் கம்பெனிகளே தங்கள் படங்களுக்கு வேண்டிய இடைச் சித்திரங்களைக் கொரியாவுக்கு அனுப்பி வரைந்து வாங்குவது உண்டு. கையைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது. சரி, கண்ணைப் பார்த்துச் சொல்லலாமா என்றால் அதுவும் நடக்காது. 1963-ல் 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற இயந்திரப் பையனை ஜப்பான் டெலிவிஷனில் ஓடவிட்டாரே ஒஸாமு தெஸூகா, அவர் டிஸ்னியின் பரம ரசிகர். 'பாம்பி' படத்தை எத்தனை தடவை பார்த்தாரோ, அலுக்கவே இல்லை அவருக்கு. அந்தப் பெரிய கண்கள் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிப் போனவை. இப்போது திரும்பி வந்தால் வாசலிலே நிறுத்தி, "நீ எந்த ஊர்?" என்று கேட்கிறோம்.

இன்னொன்று. 'அனிமே' என்பதே 'அனிமேஷன்' என்ற சொல்லை ஜப்பானியர் குறுக்கி வைத்ததுதான். அவர்கள் ஊரில் டிஸ்னி படமும் அனிமேதான். வெளியூர் ரசிகர்கள்தான் வேலி போட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இந்த வேலிச் சங்கதி புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையில் பேரெழுதிப் போட யாருக்குத் தகுதி என்று அதில் பட்டியலே உண்டு. கால்வேலி நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும்; வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். ஓலை எடுப்பது மட்டும் ஒன்றுமறியாத ஒரு சிறு பிள்ளை. சொந்த மனை இல்லாத சித்திரத்துக்கு அந்தக் குடத்தில் ஏது இடம்?

ஆனால் வேலியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டுநூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகிறதே என்று யாராவது எங்கள் பக்கத்துத் தறிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்! கோர்வை போட்டு, உடலையும் கரையையும் மூன்று நாடாவில் பின்னி நெய்கிறவருக்கு அந்தப் பெயர் சோறு. விசைத்தறியில் ஓட்டி எடுத்த சேலையை அதே பெயரில் விற்றால் அவர் அடுப்பு அணையும். அங்கே வேலி வேண்டியதுதான். ஏரிக்கரையில் ஓடுகிற இந்தப் பென்சில் பெண் எந்த ஜப்பானியர் சோற்றைப் பறிக்கப் போகிறாள்?

போகட்டும், ஜப்பானில் செய்ததுதான் அனிமே என்றே வைத்துக்கொள்வோம். ராமாயணத்தை என்ன செய்வது? யூகோ ஸாகோ என்ற ஜப்பானியரும் நம் ராம் மோகனும் சேர்ந்து எடுத்து, 1993-ல் டெல்லித் திரைப்பட விழாவில் காட்டினார்கள். 2025 ஜனவரியில் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தது. இவளைச் சென்னைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். கும்பகர்ணன் எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் கேட்கவில்லை, இது எந்த ஊர்ப் படம் என்று.

இத்தனையும் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை. பிரசங்கத்தால் எந்தக் குழந்தைக்குத்தான் முகம் தெளிந்திருக்கிறது? கடைசியில், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"உன் பெரியப்பா காலேஜை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு வந்து, நூலகத்தில் உட்கார்ந்து படித்ததெல்லாம் என்ன தெரியுமா? த. நா. குமாரசாமி மொழிபெயர்த்த வங்காள நாவல், கா. ஸ்ரீ. ஸ்ரீ. மொழிபெயர்த்த காண்டேகர். அந்த மயக்கத்தில்தான் முதல் நாவலை எழுதினேன். 'இது தமிழ் நாவலே அல்ல. கல்கத்தாவில் பிறந்து உத்திரமேரூரில் இறங்கியது' என்று ஒரு பத்திரிகையில் விமரிசனம் வந்தது. கட்டுக் கட்டாகப் பிரதிகள் பரணில் கிடந்தன. இரண்டு வருஷம் ஒரு வரி எழுதவில்லை."

"அவர் சொன்னது தப்பா பெரியப்பா?"

சங்கடமான கேள்வி. "பாதி சரி" என்றேன். "என் கதாநாயகி எந்நேரமும் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நம் வீடுகளில் மழை வந்தால் யார் ஜன்னலோரம் நிற்கிறார்கள்? வறட்டியை உள்ளே எடுத்து வைக்க ஓடுவார்கள்."

முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்புறம்?"

"அப்புறம் இரண்டாவது எழுதினேன். அதில் வறட்டி எடுத்து வைத்தாள்."

"அதைத் தமிழ் நாவல்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"அந்த மனிதர் ஒப்புக்கொள்ளவே இல்லை."

நோட்டை மறுபடி ஒரு தடவை விரலால் ஓட்டிப் பார்த்தாள். பெண் ஓடினாள். "இவ ஏன் ஓடறான்னு நானே யோசிக்கலை பெரியப்பா" என்றாள் மெதுவாக. பிறகு அதை மேஜைமேலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நானும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் எழுத உட்கார்ந்தபோது பார்த்தேன். நோட்டைக் காணோம். புதிதாக வாங்கி வைத்திருந்த என் பென்சில் இரண்டையும் காணோம்.